அந்த ஈக்கோஸ்போர்ட்டை வாங்கலாமா? முதலில் ஆயிலைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது. 2018-ஆம் ஆண்டு ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சின், தானியங்கி கியர், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போதைய உரிமையாளர் இரண்டாமவர். சர்வீஸ் புத்தகத்தில் 2022 வரை முத்திரைகள் இருக்கின்றன. அதன் பிறகு "தெரிந்த மெக்கானிக்கிடம் தவறாமல் ஆயில் மாற்றினேன்" என்ற வாய்வார்த்தை மட்டும்தான். விலை உங்கள் கைக்கு எட்டுகிறது. நண்பர் ஒருவர் "அந்த எஞ்சின் பக்கமே போகாதே" என்கிறார். இன்னொருவர் "ஓட்டுவதற்கு இதைவிட நல்ல சிறிய எஸ்யூவி கிடைக்காது" என்கிறார். வேலைக்குப் போக ஆறு கிலோமீட்டர், திரும்பி வர ஆறு கிலோமீட்டர். வாங்கலாமா?

இரண்டு நண்பர்கள் சொல்வதும் உண்மை. அதனால்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று உங்களிடம் இருக்கும் தகவலை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 2022-க்குப் பிந்தைய ஆயில் ரசீதுகள் கைக்கு வர வேண்டும். அல்லது எஞ்சினின் அடிப்பகுதியைத் திறந்து பார்க்க விற்பவர் சம்மதித்து, உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால், எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். ஏன் ஆயிலையே சுற்றிச் சுற்றி வருகிறேன் என்பதைப் புரிந்துகொண்டால், மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

இந்த எஞ்சின் சாதாரணமானதல்ல. 999 சிசி, மூன்று சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு சிறிய டர்போ. அந்த டர்போ நிமிடத்துக்கு 2,48,000 சுற்றுகள் வரை சுழலக்கூடியது என்று ஃபோர்டு அறிவித்திருந்தது. 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சர்வதேச அளவில் 'ஆண்டின் சிறந்த எஞ்சின்' விருதைப் பெற்றது. மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கே உரிய அதிர்வைக் குறைக்கத் தனித் தண்டு எதையும் சேர்க்காமல், ஃப்ளைவீலையும் முன்புறப் புல்லியையும் வேண்டுமென்றே சமநிலை தவறும்படி வடிவமைத்து, ஓர் அதிர்வை இன்னோர் அதிர்வால் அடக்கினார்கள். அழகான பொறியியல். உங்கள் இரண்டாவது நண்பர் மெச்சுவது இந்த எஞ்சினைத்தான். 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால், இந்தச் சிறிய எஞ்சின் தன் அளவை மறக்கச் செய்யும்.

முதல் நண்பர் பயப்படுவது வேறொன்றுக்கு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சரியான நேரத்தில் சுழற்றுவது டைமிங் பெல்ட். பெரும்பாலான எஞ்சின்களில் அந்தப் பெல்ட் இருந்தால் அது உலர்ந்த உறைக்குள் ஓடும். இல்லாவிட்டால் உலோகச் சங்கிலி ஆயிலில் ஓடும். இந்த எஞ்சினில் ரப்பர் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. உராய்வும் சத்தமும் குறையும், எரிபொருள் கொஞ்சம் மிச்சமாகும் என்பதற்காகச் செய்தது. இதைச் செய்தது ஃபோர்டு மட்டுமல்ல; பெஜோ, சித்ரோன் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான். கேம் தண்டை இயக்கும் பெல்ட் ஒன்று. ஆயில் பம்பைச் சுழற்றும் சிறிய பெல்ட் இன்னொன்று. இந்த எஞ்சினின் பிந்தைய வடிவங்கள் சிலவற்றில் கேம் தண்டுக்குச் சங்கிலி வந்தது, ஆயில் பம்புக்குப் பெல்ட் அப்படியே நீடித்தது. ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டியில் எது இருக்கிறது என்பதைச் சேசிஸ் எண்ணை வைத்து ஃபோர்டு பாகங்கள் விற்கும் இடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்டை மட்டும் வைத்து யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

ரப்பருக்கு ஆயில் பகை என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெல்ட்டின் ரப்பர் ஆயிலைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டது. ஆனால் எந்த ஆயிலையும் அல்ல. டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற ஃபோர்டின் தர எண்ணுக்கு உட்பட்ட 5டபிள்யூ-20 ஆயில் இதற்கென்றே குறிப்பிடப்பட்டது. அந்த எண் இல்லாத ஆயில் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அதில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் இந்த ரப்பருக்கு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சரியான ஆயிலே ஊற்றினாலும், அதைக் காலம் கடந்து வைத்திருந்தால் அமிலத்தன்மை ஏறும், பெட்ரோல் கலக்கும். அப்போது ரப்பர் மெல்ல இளகி, ஓரங்களில் பிரிந்து, துகள் துகளாக உதிரத் தொடங்கும்.

பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் சிதையும். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். நான் அதைவிட அதிகமாகப் பயப்படுவது, அறுவதற்கு முன்பே நடக்கும் வேறொரு விஷயத்துக்கு. உதிர்ந்த துகள்கள், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில், பம்ப் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் வலை வடிகட்டியில் போய் அடைகின்றன. வடிகட்டி பாதி அடைத்ததும் ஆயில் அழுத்தம் குறைகிறது. முதலில் பட்டினி கிடப்பது டர்போ, அடுத்தது கிராங்க் தண்டின் பேரிங்குகள். பெல்ட் அறுந்திருக்காது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. சிவப்பு விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஆயில் பம்ப் பெல்ட்டைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோர்டு சுமார் 1,40,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2018 முதல் 2022 வரையிலான ஒரு லிட்டர் ஈக்கோஸ்போர்ட்டும், 2016 முதல் 2018 வரையிலான ஒரு லிட்டர் ஃபோகஸும் அதில் அடங்கும். அந்தச் சிறிய பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் கை கழன்றுவிடலாம். கழன்றால் ஆயில் அழுத்தம் போய்விடும், ஓடும்போதே எஞ்சின் நிற்கலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் கூடுதல் விசையும் இல்லாமல் போகலாம் என்பதுதான் காரணம். உங்கள் வண்டி எந்தச் சந்தைக்காகத் தயாரானது என்பது இங்கே முக்கியம். சேசிஸ் எண் எம்ஏஜே என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் பிறந்த வண்டி. டபிள்யூஎஃப்0 என்று தொடங்கினால் ஃபோர்டு ஐரோப்பாவின் வண்டி. அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட்டுகளும் மறைமலைநகரிலிருந்து கப்பலேறியவைதான். அந்த எண்ணைக் கொடுத்து, நிலுவையில் திரும்ப அழைப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஃபோர்டிடம் கேளுங்கள். இருந்தால் அந்தப் பழுதுநீக்கம் இலவசம். ஏற்கெனவே முடிந்திருந்தால் உங்களுக்கு நல்ல செய்தி, ஏனென்றால் அந்த வண்டியின் முன்பகுதியைப் பயிற்சி பெற்ற ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார்.

ஃபோர்டு பல சந்தைகளில் இந்த டைமிங் பெல்ட்டுக்கு அறிவித்த ஆயுள் பத்து ஆண்டுகள் அல்லது 2,40,000 கிலோமீட்டர், இரண்டில் முந்துவது. அந்தக் கணக்கில் உங்கள் வண்டிக்கு 2028 வரை நேரம் இருப்பதுபோலத் தோன்றும். விற்பவரும் அதைத்தான் சொல்வார், அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு, சரியான ஆயில் சரியான நேரத்தில் மாற்றப்பட்டது என்ற நிபந்தனையின் மேல் நிற்பது. 2022-க்குப் பிறகு என்ன ஆயில் ஊற்றினார்கள் என்றே தெரியாத வண்டிக்கு அந்த எண் பொருந்தாது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கார் வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை; அதுவும் ஆயிலில் ஓடும் பெல்ட் கொண்ட சிறிய எஞ்சின்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. "காலையில் எடுக்கும்போது பிரேக் கல்லாக இருக்கிறது, மிதிக்க முடியவில்லை" என்று சொன்னார். எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பிரேக் பக்கத்தை முழுவதும் பார்த்தேன், கோளாறு எதுவும் இல்லை. கடைசியில், பிரேக் மிதிக்குத் துணைவிசை கிடைக்கச் செய்யும் வெற்றிட பம்பைக் கழற்றினால், அதற்கு ஆயில் வரும் துளையின் சல்லடையில் கறுப்புத் துகள்கள். உடனே சம்பை இறக்கினேன். வடிகட்டியின் வலை முக்கால் பங்கு மூடியிருந்தது. விரலால் தேய்த்தால் கரித்தூள்போல ஒட்டியது, நடுவே மெல்லிய நார்கள். அவர் ஆயில் மாற்றத் தவறியவர் அல்ல. ஆண்டுக்கு இருமுறை மாற்றியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் விலை அதிகமான சிந்தெட்டிக் ஆயிலாகப் பார்த்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். அது நல்ல ஆயில்தான். அந்த எஞ்சினுக்குரிய ஆயிலாக இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்வதற்கு எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து, பழைய வண்டி வாங்கப் போகிறவர்களிடம் "ஆயில் மாற்றினாரா" என்று விசாரிக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். "எந்த ஆயில், ரசீது எங்கே" என்று கேட்கச் சொல்கிறேன்.

உங்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் முக்கியம், காரணம் அந்த ஆறு கிலோமீட்டர். இது பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின். குளிர்ந்த நிலையில் கூடுதலாகப் பெட்ரோல் செலுத்தப்படுகிறது, அதில் ஒரு பகுதி எரியாமல் சுவரில் படிந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து சம்புக்குள் இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடாகிச் சிறிது நேரம் அப்படியே இருந்தால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். ஆறு கிலோமீட்டரில் கூலன்ட் சூடாகலாம், ஆயில் முழுச் சூட்டை எட்டாது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் சேரும். மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். பெட்ரோல் கலந்த ஆயில்தான் அந்த ரப்பருக்கு மிகக் கொடிய எதிரி.

இதற்காக இந்த வண்டியே உங்களுக்கு ஆகாது என்று சொல்லமாட்டேன். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்ட முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் பெரும்பாலான சிக்கல் தீர்ந்தது. ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கில் மாற்றாதீர்கள், நாட்காட்டியைப் பார்த்து மாற்றுங்கள். ஆறு மாதம் அல்லது 8,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. சர்வீஸ் புத்தகம் இதைவிட நீண்ட இடைவெளியைச் சொல்லும். உங்கள் ஓட்டத்துக்கு நான் சொல்வதைப் பின்பற்றுங்கள். அதுவும் முடியாது, வார இறுதியிலும் பக்கத்துக் கடைவீதிக்கு மட்டும்தான் என்றால், டர்போ இல்லாத சாதாரணப் பெட்ரோல் எஞ்சினும் டைமிங் சங்கிலியும் உள்ள வேறொரு வண்டியைப் பாருங்கள். ஓட்டும்போது இவ்வளவு உற்சாகம் இருக்காது, மனநிம்மதி இருக்கும்.

கூலன்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எஞ்சினின் இரண்டாவது பலவீனம் அதுதான். ஆரம்ப ஆண்டுகளில் வந்த ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட்களில் கூலன்ட் தொட்டிக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெடித்து, கூலன்ட் முழுவதும் வெளியேறி, எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போன நிகழ்வுகள் உண்டு. 2018 வண்டி அதற்குப் பிந்தையது. ஆனாலும் கூலன்ட் சிறுகச் சிறுகக் குறைகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது தொட்டியில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும், நிறம் கலங்கக் கூடாது, மூடியின் அடியில் ஆயில் படலம் இருக்கக் கூடாது. விற்பவர் சமீபத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும். அப்படி இருந்தால் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை பேரத்துக்குள் போகாதீர்கள்.

கியர்பாக்ஸைப் பற்றியும் நீங்கள் கவலைப்படலாம். ஈக்கோஸ்போர்ட் என்றாலே "பவர்ஷிஃப்ட் பெட்டி உதறும்" என்று ஒரு பேச்சு உண்டு. அது உலர் கிளட்ச் இரண்டு கொண்ட வேறொரு பெட்டி. முந்தைய ஆண்டுகளில் சில சந்தைகளில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு வந்தது. நீங்கள் பார்ப்பது, எஞ்சினின் விசையைத் திரவத்தின் வழியே கடத்தும் டார்க் கன்வர்ட்டர் கொண்ட ஆறு கியர் தானியங்கி. அந்தக் கெட்ட பெயர் இதற்குச் சேராது. நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், சரிவில் நின்று கிளம்பும்போதும் இழுப்பு சீராக இருக்கிறதா, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இடி விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

உடற்பகுதிக்கு அதிக நேரம் வேண்டாம், ஒன்றிரண்டு இடங்கள் போதும். பின்கதவு மேலே தூக்குவதல்ல, பக்கவாட்டில் திறப்பது. உபரிச் சக்கரம் அதன் முதுகில் தொங்கும் வடிவமாக இருந்தால், அந்த எடை முழுவதையும் இரண்டு கீல்கள்தான் சுமக்கின்றன. கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல்கள் தேய்ந்திருக்கின்றன. பின்னால் மோதல் வாங்கிய வண்டியிலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்தக் கதவின் இடைவெளிதான். மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்றால் பெரும்பாலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ், பெரிய செலவில்லை. டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 94,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் 2018-ஆம் ஆண்டின் டயர்களே இன்னும் தேயாமல் இருந்தால், அந்த ஓடோமீட்டரையும் அந்த உரிமையாளரையும் பற்றி நன்றாக யோசியுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதைச் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் கண்டுபிடிக்கலாம். கடைசி அடியில் நீர்க்கோடு இருக்கும், அந்த இடத்தைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உதிரிப்பாகங்கள் கிடைக்குமா என்பது நியாயமான கவலை. ஃபோர்டு 2021 ஜனவரியில் பிரேசிலிலும், அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவிலும் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ருமேனியாவின் கிரயோவா ஆலையிலும் 2022-இல் ஈக்கோஸ்போர்ட் தயாரிப்பு முடிந்தது. இன்று உலகில் எங்கும் புதிய ஈக்கோஸ்போர்ட் தயாராவதில்லை. ஆனால் எஞ்சின் அநாதையாகிவிடவில்லை. இதே ஒரு லிட்டர் குடும்பம் ஃபியஸ்டாவிலும் ஃபோகஸிலும் பூமாவிலும் லட்சக்கணக்கில் ஓடுகிறது. பெல்ட், ஃபில்டர், டென்ஷனர், டர்போ எல்லாம் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும். கிடைப்பதற்குக் கஷ்டமாகப் போவது ஈக்கோஸ்போர்ட்டுக்கு மட்டுமே உரிய பாகங்கள்: பின்கதவு, முகப்பு விளக்கு, பம்பர், உட்புறப் பிளாஸ்டிக்குகள். ஆகவே இந்த வண்டியில் எஞ்சினுக்கு அடுத்து நீங்கள் விலைகொடுத்து வாங்குவது சேதமில்லாத உடலை. விளக்குக் கண்ணாடியில் விரிசலோ பின்கதவில் ஒடுக்கோ இருந்தால் "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள், அந்தப் பாகம் எத்தனை நாளில் வரும் என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே வரி: 2013-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் இந்த மாடல் நான்கு நட்சத்திரம் வாங்கியது, அது அந்தக் காலத்து விதிகளின்படி, இன்றைய சோதனைகள் அதைவிடக் கடுமையானவை.

இனி, வண்டியைப் பார்க்கப் போகும் நாள். முந்தைய இரவே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், நான் வரும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்கக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று உடனே முடிவு கட்டவேண்டாம், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் பத்து நொடிகள் சொல்வதை அடுத்த ஒரு மணி நேரச் சோதனை சொல்லாது. ஆயில் விளக்கு எத்தனை நொடியில் அணைகிறது, முன்பகுதியில் சலசலப்பு இருக்கிறதா, புகை வருகிறதா என்று பாருங்கள். நின்ற நிலையில் லேசான அதிர்வு இந்த எஞ்சினின் இயல்பு. கண்ணாடியில் உருவம் நடுங்கும் அளவுக்கு உதறினால் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். மிதித்தபடியே கிளப்பினால் மிதி ஓர் அங்குலம் இளகி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த ஆசிரியையின் காரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் அதோடு மகிழ்ந்துவிடாதீர்கள். வண்டி தானே செய்துகொள்ளும் உட்சோதனைகள் முடிந்தனவா என்ற பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று இருந்தால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். எதற்காக என்று கேளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான படி. சம்பைக் கழற்ற எல்லா விற்பனையாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், அதில் தவறும் இல்லை. அதனால் இப்படிக் கேட்டுப்பாருங்கள்: "என் செலவில் உங்கள் வண்டிக்குச் சரியான ஆயிலும் புது ஃபில்டரும் மாற்றித் தருகிறேன். நான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது உங்களுக்கு. பழைய ஃபில்டர் மட்டும் எனக்கு வேண்டும்." இதை மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது. பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு ஆயில் கறை மட்டும் இருந்தால் நல்ல அறிகுறி. கறுப்பு ரப்பர் துகள்களோ மயிரிழை போன்ற நார்களோ இருந்தால் பெல்ட் உதிரத் தொடங்கிவிட்டது. மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் அதற்கு மேல் பேச எதுவுமில்லை. அதே நேரத்தில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கேஜ் ஒன்றை மாட்டி, நின்ற நிலையில் ஆயில் அழுத்தத்தை அளந்து, ஃபோர்டு கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

ஃபில்டர் சுத்தம், அழுத்தம் சரி என்றால் பேரத்துக்குப் போங்கள். ரசீதுகள் இல்லாத பட்சத்தில், பெல்ட்டை வாங்கியவுடனேயே மாற்ற வேண்டும் என்ற கணக்கில் பேசுங்கள். ஆயில் பம்பின் சிறிய பெல்ட்டும் அதன் டென்ஷனரும் அந்த வேலையில் சேர வேண்டும், சம்பை இறக்கி வடிகட்டியைக் கழுவுவதும் சேர வேண்டும். இது சாதாரணப் பெல்ட் வேலை அல்ல. முன்மூடி முழுவதையும் பிரிக்க வேண்டும், கிராங்க் தண்டையும் கேம் தண்டுகளையும் பூட்டிப் பிடிக்கத் தனிக் கருவிகள் வேண்டும், கிராங்க் போல்ட் ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இந்த எஞ்சினில் இதற்கு முன் இதைச் செய்திருக்கிறாரா என்று மெக்கானிக்கிடம் நேராகக் கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் விடாதீர்கள். அவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை விற்பவர் முன் வையுங்கள். அவர் அந்தத் தொகையில் பெரும்பகுதியைக் குறைக்கச் சம்மதித்தால் இது நல்ல வியாபாரம். புதிய பெல்ட்டும் சரியான ஆயிலும் இருக்கும் ஈக்கோபூஸ்ட்டை நான் என் வீட்டுக்கே தயங்காமல் வாங்குவேன்.

ஃபில்டரை வெட்டவும் விடவில்லை, விலையும் இறங்கவில்லை என்றால், கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள். இந்த மாடல் நிறைய விற்றிருக்கிறது. ரசீதுக் கட்டோடு இன்னொருவர் வருவார். வெட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், அந்தத் தாளை வெள்ளைத் துணியில் விரித்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு அன்றே சொல்கிறேன்.